"எல்லாம் ஒரே கதைதானே?" – ஒரே மொனோகதாரி, முதல் வாசிப்பு

இந்த இழையைத் தொடங்கிய கேள்வி

பள்ளிக்காதல் மங்கா (ஜப்பானியப் படக்கதை) எதை எடுத்தாலும் ஒரே கதை. ஒல்லியான அழகன், வாய் திறக்காத ஒரு பெண், நடுவில் ஒரு தப்பான புரிதல், "பிடித்திருக்கிறது" என்று சொல்வதற்குள் பத்துத் தொகுதி. ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரி. இல்லை என்பவர்கள் ஒரே ஒரு தலைப்பு சொல்லுங்கள்.

பிப்ரவரி 8, இரவு

சொல்கிறேன். ஒரே மொனோகதாரி. ஆங்கிலத்தில் 'மை லவ் ஸ்டோரி' என்று வந்திருக்கிறது.

உங்கள் 'ஒரே கதை' தலைப்பிலேயே இருக்கிறது, ஆனால் இது தமிழ் 'ஒரே' இல்லை. ஜப்பானிய மொழியில் 'நான்' என்பதற்குப் பல சொற்கள் உண்டு. பெண்கள் பெரும்பாலும் 'வதாஷி' என்பார்கள். பையன்கள் கூட்டாளிகளிடம் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொல்லிக்கொள்ளும் 'நான்'தான் 'ஒரே'. மொனோகதாரி என்றால் கதை, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய 'கெஞ்சி மொனோகதாரி' என்ற ஜப்பானிய நூலின் பெயரில் வருகிற அதே சொல். நெஞ்சைத் தட்டி 'இது என் கதை' என்று ஒருத்தன் சொல்வது போன்ற தலைப்பு. பெண்பிள்ளைகளுக்கான ஷோஜோ இதழில் கதை சொல்லும் குரல் பெரும்பாலும் பெண்ணுடையதாக இருக்கும். அந்த இடத்தில் இப்படி ஒரு தலைப்பை வைத்ததே எனக்குப் பிடித்துப்போனது.

13 தொகுதிகளில் ஒன்றுதான் முடித்திருக்கிறேன். அதனால் இது தீர்ப்பு இல்லை, முதல் எண்ணம்.

கோதா தகேயோ உயர்நிலைப் பள்ளியில் முதலாம் ஆண்டு. உயரம் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர், எடை 120 கிலோ. தடித்த உதடு, அடர்ந்த புருவம், கன்னம் வரை இறங்கும் கிருதா. பக்கத்து வீட்டில் சுனகாவா மகோதோ, சுருக்கமாகச் சுனா. நீங்கள் சொன்ன அந்த ஒல்லியான அழகன் இவன்தான். சின்ன வயதிலிருந்து தகேயோ எந்தப் பெண்ணை விரும்பினாலும் அவள் சுனாவைத்தான் விரும்புவாள். ஒருநாள் ரயிலில் ஒரு பொறுக்கியிடமிருந்து யமாதோ ரின்கோ என்ற பெண்ணைத் தகேயோ காப்பாற்றுகிறான். அவள் நன்றி சொல்ல இனிப்பு செய்து எடுத்துக்கொண்டு வருகிறாள். மறுபடியும் வருகிறாள். 'இவளும் சுனாவைப் பார்க்கத்தான் வருகிறாள்' என்று தகேயோ தானாக முடிவுகட்டி, இருவரையும் சேர்த்துவைக்கப் படாத பாடு படுகிறான். அவள் வருவது யாரைப் பார்க்க என்று வாசகருக்கு அடுத்த பக்கத்திலேயே தெரிந்துவிடும். அவனுக்கு மட்டும் தெரியாது.

பிப்ரவரி 9, காலை

நேற்று எழுத விட்டுப்போனது. 'கோதா' என்று படித்ததும் குஸ்தி கோதாதான் ஞாபகம் வந்தது. ஜப்பானிய எழுத்திலும் விஷயம் அதிகம் தள்ளி இல்லை. கோதாவின் முதல் எழுத்துக்கு உறுதி, வலிமை என்று பொருள். தகேயோ என்பதை அவர்கள் எழுதும் இரண்டு எழுத்துகளைப் பிரித்தால் 'மூர்க்கமான ஆண்'. பெயர் வைக்கும்போதே அந்தக் குழந்தையின் தலையில் எவ்வளவு பாரம் பாருங்கள்.

இன்னொன்று. டோரேமான் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஜியானைத் தெரியும். நோபிதாவை அடித்து, பொம்மையைப் பிடுங்கி, கர்ணகடூரமாகப் பாடுகிற குண்டுப் பையன். ஜியானின் முழுப்பெயர் கோதா தகேஷி. அதே குடும்பப்பெயர், எழுத்துகூட அதே எழுத்து. ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை 'கோதா' என்ற பெயரோடு ஒரு பெரிய உருவத்தைப் பார்த்தால் இவன் எப்படிப்பட்டவன் என்று முன்கூட்டியே நினைத்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கதை அங்கிருந்துதான் புறப்படுகிறது.

பிப்ரவரி 11

"பெரிய உடம்புக்காரனை வைத்துக் கேலி செய்கிற கதை, அவ்வளவுதானே?" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பழைய புத்தகக் கடையில் அட்டையைப் பார்த்துவிட்டு இரண்டு முறை திரும்ப அடுக்கில் வைத்தேன். காரணம் என் தம்பி.

அவன் ஆறடி மூன்று அங்குலம். கபடியில் கார்னர் ஆடுவான். பேருந்தில் அவன் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு குழந்தை அவனைப் பார்த்து அழுதது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, சிரித்தால் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் கதவுக்கு வெளியே நின்றேன், உள்ளே போகவில்லை. சினிமாவில் அந்த உருவத்துக்கு இரண்டு வேலைதான் கொடுப்பார்கள். ஒன்று அடியாள், இல்லை என்றால் சாப்பாட்டுக் காமெடி. அதனால் இந்த அட்டை என்னைத் தயங்க வைத்தது.

படித்த பிறகு சொல்கிறேன், சிரிப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. தகேயோவின் உடம்பு சிரிப்புக்குக் காரணம் இல்லை. அவன் எதையும் பாதி மனதோடு செய்ய மாட்டான், சிரிப்பு அதில்தான். யமாதோ ஒரு வார்த்தை பேசினால் அவன் மனதுக்குள் 'பிடிச்சிருக்கு!' என்று பக்கம் முழுக்கக் கத்துகிறான். இனிப்பைச் சாப்பிடும்போது கோயில் பிரசாதம் வாங்கியவன் போல முகம். பள்ளியில் பையன்கள் எல்லாம் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். ஆண்களுக்குப் பிடித்தவன், பெண்கள் விலகிப்போகிறவன். அந்த வேறுபாட்டை இவ்வளவு நேராகச் சொன்ன ஷோஜோ கதை நான் படித்ததில்லை.

யமாதோவின் கண்ணில் அவன் எப்படித் தெரிகிறான் என்பது இன்னும் முக்கியம். 'உருவம் எப்படி இருந்தாலும் மனசு நல்ல மனசு' என்ற கணக்கு அவளிடம் கிடையாது. அவளுக்கு அவன் உருவமே அழகு. அந்த 'இருந்தாலும்' கதையில் இல்லை என்பதைக் கவனித்தபோதுதான் புத்தகத்தை வாங்கியது சரி என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 12

திருத்தம். நண்பர் ஒருவருக்குத் தனியாக எழுதியபோது இதை ஒருவர் எழுதி வரைந்தது என்று சொல்லிவிட்டேன். தவறு. கதை கவஹாரா கசுனே, ஓவியம் அருகோ. கவஹாரா தாமே வரையவும் செய்கிறவர். 'கோகோ டெப்யூ' என்ற மங்கா அவர் முன்பு தனியாக எழுதி வரைந்தது. இந்தக் கதையை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறார். அருகோவின் கோடு கனமானது. தகேயோவின் முகத்தில் கருப்பு மை அப்பிக் கிடக்கும், அதே கட்டத்தில் யமாதோ இரண்டு மூன்று மெல்லிய கோட்டில் முடிந்துவிடுவாள். ஒரே பக்கத்தில் இரண்டு விதமான மங்கா சந்தித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

வெளியானது ஷூயெய்ஷா நிறுவனத்தின் பெஸ்ஸாட்சு மார்கரெட் குடும்பத்து இதழ்களில், 2011 முதல் 2016 வரை. முதலில் ஒற்றைக் கதையாக வந்து, அப்புறம் தொடரானது.

பிப்ரவரி 14

தேதி பொருத்தமாக அமைந்துவிட்டது, அதனால் இன்று காதலைச் சொல்லும் விஷயம்.

ஜப்பானில் இன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுக்கும் நாள். சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 14 அன்று, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு வெள்ளை நாள் என்று பெயர். காதலைச் சொல்வதற்கும் 'கொகுஹாகு' என்று ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். 'உன்னைப் பிடித்திருக்கிறது, என்னோடு பழகுவாயா' என்று நேருக்கு நேர் கேட்டு, எதிரில் இருப்பவர் சரி என்ற பிறகுதான் இருவரும் ஜோடி என்று கணக்கு. நம் படங்களில் பார்வையாலேயே பாதி முடிந்துவிடும். அங்கே வாயால் சொல்லியாக வேண்டும். பள்ளிக்காதல் மங்கா அந்த ஒரு நிமிடத்தை இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் இதுதான். காகுயா-சாமா என்ற தொடரில் இருவரில் யார் முதலில் சொல்வது என்பதே போட்டி. அது 28 தொகுதிகள்.

ஆகவே உங்கள் 'பத்துத் தொகுதி' குறை நியாயமானது. ஆனால் ஒரே மொனோகதாரியில் அது முதல் தொகுதியிலேயே முடிகிறது. சொல்லியாயிற்று, சரி என்றாயிற்று. மிச்சம் 12 தொகுதிக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் நிஜ வாழ்க்கையில் எல்லாமே அந்த நிமிடத்துக்குப் பிறகுதானே ஆரம்பிக்கிறது. கையைப் பிடிக்கலாமா, அவள் தோழிகளிடம் எப்படிப் பேசுவது, அவள் மௌனத்துக்கு என்ன அர்த்தம்.

பிப்ரவரி 15

இது எழுத ஒரு நாள் யோசித்தேன். லேசான, சிரிக்கவைக்கிற காதல் கதை ஒரு பாலியல் சீண்டலில் தொடங்குவது எனக்கு நெருடியது. 'பெண்ணைக் காப்பாற்றினான், காதல் வந்தது' என்பது நம் சினிமாவில் பார்த்துப் பார்த்துச் சலித்த வழி.

ஜப்பானில் இது கதைக்காகக் கண்டுபிடித்த சம்பவம் இல்லை. நெரிசல் ரயிலில் பெண்களைத் தடவுகிறவனுக்கு 'சிகான்' என்று பெயரே இருக்கிறது. தோக்கியோவில் கெய்யோ ரயில் நிறுவனம் 2000 டிசம்பரில் பெண்களுக்கான தனிப் பெட்டியைச் சோதனையாக ஓட்டி, 2001இல் நிரந்தரமாக்கியது. அப்புறம் மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. இதழை வாங்கும் பள்ளி மாணவிகளில் பலர் அதே ரயிலில் போகிறவர்கள். அந்தக் காட்சி அவர்களுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நானும் பேருந்தில் ஊசி வைத்துக்கொண்டு போனவள்தான். பக்கத்தில் நிற்கும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல இருக்காமல், அவன் கையைப் பிடித்துத் தூக்கினால் போதும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். தகேயோ அதைச் செய்கிறான். அதனால் அந்தக் காட்சியைச் சலித்த வழி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இருந்தாலும் என் நெருடல் முழுதாகப் போகவில்லை. நன்றியும் காதலும் ஒன்றாகிவிடுமோ என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. இரண்டாம் தொகுதி கையில் இருக்கிறது, படித்துவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி 20

கதையை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மங்காவின் ஒலிச்சொற்கள் தமிழருக்காகவே செய்தது போல இருக்கின்றன. நெஞ்சு அடித்துக்கொண்டால் 'டோக்கி டோக்கி'. நாம் 'படபட' என்போம். மின்னினால் 'கிரா கிரா', நமக்கு 'மினுமினு'. நாம் இரட்டைக்கிளவி என்று பள்ளியில் படித்ததை அவர்கள் படத்துக்குள் எழுத்தாகவே வரைகிறார்கள். ஆங்கிலப் பதிப்பில் இவற்றை மொழிபெயர்க்கத் திணறுவது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தமிழில் வந்தால் தானாக உட்கார்ந்துவிடும். மௌனத்துக்குக்கூட 'ஷீன்' என்று ஒலி வைத்திருக்கிறார்கள். நமக்கு அங்கே 'கப்சிப்' இருக்கிறது.

சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த கண்ணுக்கு வலமிருந்து இடமாகப் படிப்பதுதான் முதலில் கஷ்டம். இருபது பக்கம் போனால் பழகிவிடும். தம்பி முதல் நாள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி, 'என்னக்கா, எடுத்தவுடனே எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க?' என்று கேட்டான்.

பிப்ரவரி 27

இரண்டாம் தொகுதியைத் தாண்டியாயிற்று. சுனாவைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் முதல் தொகுதியின் பாதி வரை அவனைத் தப்பாக நினைத்திருந்தேன். முகத்தில் ஓர் உணர்ச்சியும் காட்டாத, வந்த பெண்களை எல்லாம் மறுத்துவிடுகிற, திமிர் பிடித்த பையன் என்று நினைத்தேன்.

அவன் ஏன் மறுத்தான் என்பது வெளியே வரும் இடத்தில் நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தப் பெண்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் தகேயோவைக் கேவலமாகப் பேசியவர்கள். தன் நண்பனை இழிவாக நினைப்பவளோடு எப்படிப் பழகுவது என்பதுதான் அவன் காரணம். இத்தனை வருடத்தில் அதை அவன் தகேயோவிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொன்னால் நண்பனுக்கு வலிக்கும். யமாதோவின் மனதை அவன் சீக்கிரமே புரிந்துகொண்டதற்கும் இதே காரணம்தான். தகேயோவைப் பற்றி அவள் பேசும் விதத்தை அவன் கேட்டிருக்கிறான்.

ஜப்பானியக் குழந்தைகளுக்குத் தெரிந்த ஒரு கதை இருக்கிறது, 'அழுத சிவப்புப் பூதம்'. ஹமாதா ஹிரோசுகே 1930களில் எழுதியது. ஊராரோடு பழக ஆசைப்படும் சிவப்புப் பூதத்தை எல்லாரும் பார்த்துப் பயப்படுகிறார்கள். நண்பனான நீலப் பூதம் வேண்டுமென்றே ஊரில் புகுந்து அட்டகாசம் செய்து, சிவப்பு தன்னை அடித்து விரட்டும்படி செய்கிறது. ஊர் சிவப்பை ஏற்றுக்கொள்கிறது. இருவரும் கூட்டாளிகள் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று நீலம் ஒரு கடிதத்தை மாட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறது. சிவப்பு அழுகிறது. தகேயோவையும் சுனாவையும் பார்க்கும்போது அந்தக் கதை நினைவுக்கு வராமல் இருக்காது. ஒரு வித்தியாசம், இங்கே நீலம் போய்விடவில்லை. பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது, ஜோடியின் குழப்பங்களைத் தீர்த்துவைத்தபடி. சில சமயம் தகேயோ செய்வதைப் பார்த்து அடக்க முடியாமல் குலுங்கிச் சிரிக்கிறது. சுனா சிரிக்கும் கட்டங்களை நான் தனியாகத் தேடிப் போய்ப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 8 அன்று 'நீங்கள் சொன்ன அந்த ஒல்லியான அழகன் இவன்தான்' என்று எழுதியதை இங்கே திருத்துகிறேன். அவன் அந்த அழகன் இல்லை.

மார்ச் 3

"குறையே இல்லையா?" உண்டு.

ஆபத்துகள் அதிகம். இரும்பு உத்திரம் விழுகிறது, தகேயோ தாங்குகிறான். பாட்டுப் பாடப் போன இடத்தில் தீப்பிடிக்கிறது, தகேயோ உள்ளே ஓடுகிறான். மூன்றாவது முறை யாராவது ஆபத்தில் மாட்டும்போது எனக்கு அலுத்துவிட்டது. யமாதோ எப்போது பார்த்தாலும் இனிப்பு செய்துகொண்டே இருக்கிறாள். அவளுக்கு வேறு என்ன பிடிக்கும் என்று தேட வேண்டியிருக்கிறது.

அந்தத் தீ விபத்துக்கு மட்டும் ஒரு சமாதானம் சொல்லலாம். அதற்கு முன் அவள் தோழிகள் தகேயோவைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கிண்டல் செய்கிறார்கள். அந்தக் கிண்டல் ரொம்ப நிஜமாக இருந்தது, அந்த வயதில் நாங்களும் அப்படிப் பேசியிருக்கிறோம். நான்கூட யாரையோ சொல்லியிருப்பேன். அதே தோழிகளைத்தான் அவன் வெளியே தூக்கிக்கொண்டு வருகிறான்.

என் பிப்ரவரி 15 கேள்விக்கும் பாதி பதில் கிடைத்தது. யமாதோவுக்கு அது நன்றியாக இருந்தால் ஒரு கேக்கோடு முடிந்திருக்கும். தகேயோ தன்னைக் கண்ணாடிப் பொம்மை மாதிரி நடத்துவது அவளுக்கு ஒரு கட்டத்தில் கஷ்டமாகிறது. தொடவே தயங்குகிறான். தனக்கும் தொட ஆசை உண்டு, தான் அவன் நினைக்கிற அளவுக்குத் தேவதை இல்லை என்று அவள் தவிக்கும் இடத்தில்தான் யமாதோ எனக்கு ஒரு ஆளாகத் தெரிந்தாள். அப்படி இன்னும் பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாம்.

மார்ச் 8

கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.

சுனாவின் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. அதே நாள் யமாதோவின் பிறந்தநாள், ஜோடியான பிறகு வரும் முதல் பிறந்தநாள். சுனா வாயே திறக்கவில்லை. தெரிந்ததும் தகேயோ மருத்துவமனைக்குப் போகிறான். அங்கே பெரிய வசனம் ஒன்றும் கிடையாது. பக்கத்தில் உட்காருகிறான், அவ்வளவுதான். உடம்பால் எதையும் தாங்கிப் பிடிக்கிறவன், அங்கே உடம்பால் செய்ய ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான்.

எங்கள் அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்த அன்று தம்பியின் கபடிக் கூட்டாளி ஒருவன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, நடைபாதையில் எங்களோடு ஆறு மணி நேரம் இருந்தான். இரண்டு முறை டீ வாங்கி வந்தான். என்ன பேசினான் என்று யோசித்தால் ஒன்றுமே நினைவில்லை. தம்பி இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவனுக்குப் போன் செய்தான். 'சும்மாதான்டா' என்று சொல்லிக்கொண்டு அரை மணி நேரம் மாடியில் நடந்தான்.

மார்ச் 9

இல்லை, அழ வைக்கும் கதை இல்லை. நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு இரண்டு பேர் அப்படிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த அத்தியாயத்திலும் இரண்டு இடத்தில் சிரித்தேன்.

மார்ச் 14

வெள்ளை நாள். ஜப்பானில் இன்று எத்தனை தகேயோக்கள் இனிப்புக் கடை வாசலில் வேர்த்து நிற்கிறார்களோ.

கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. அனிமே, அதாவது இதன் கார்ட்டூன் தொடர், 2015இல் மேட்ஹவுஸ் தயாரித்தது, 24 பகுதிகள். அதே ஆண்டு நடிகர்களை வைத்துத் திரைப்படமும் வந்தது. தகேயோவாக நடித்த சுசூகி ரியோஹெய் அதற்காக 30 கிலோ ஏற்றினார். விருதுகளில் 2013இல் கோதன்ஷா பதிப்பகத்தின் மங்கா விருது ஷோஜோ பிரிவில் கிடைத்தது. அனிமே, திரைப்படம் இரண்டில் எதை முதலில் பார்ப்பது என்றால் அனிமே. மங்காவைப் படித்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது, அருகோவின் அந்தக் கருப்பு மையைத் தாளில்தான் பார்க்க வேண்டும்.

இழையைத் தொடங்கியவர் முதல் தொகுதியை முடித்துவிட்டு, "சரி, இது ஒரே கதை இல்லை, ஆனால் அந்தப் பையனைப் போல யாரும் நிஜத்தில் இருக்க மாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். தகேயோவைச் சொல்கிறீர்களா, சுனாவையா? தகேயோ என்றால், எங்கள் வீட்டுக்கு ஒருநாள் வாருங்கள். சுனா என்றால், அந்தக் கபடிக் கூட்டாளியின் நம்பர் தம்பியிடம் இருக்கிறது.

நான்காம் தொகுதி வந்துவிட்டது. நான் இன்னும் தொடவில்லை. தம்பி எடுத்துப்போய் இரண்டு நாளாகிறது, கேட்டால் 'இன்னும் பத்துப் பக்கம்க்கா' என்கிறான்.